குண்டு விழும் லண்டனில் துப்பறியும் பெண்: முதல் வரலாற்று மர்ம நாவலை எழுதப்போகிறவர்களுக்கு

பக்கத்து வீட்டுப் பெண்மணியை ஆறு வாரமாகக் காணோம். கணவனைக் கேட்டால், “குண்டுக்குப் பயந்து டெவன் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்” என்கிறான். 1940 நவம்பர் மாத லண்டனில் இந்தப் பதிலை யாரும் கிளற மாட்டார்கள். பாதித் தெரு அப்படித்தான் காலியாகிக் கிடக்கிறது. போலீசாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வட்டார உணவு அலுவலகத்தில் ரேஷன் பதிவேடு பார்க்கும் பெண்ணுக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. அந்த அம்மாளின் பதிவு இன்னும் இதே தெரு மளிகைக் கடையில்தான் இருக்கிறது. டெவனுக்கு மாற்றச் சொல்லி எந்தத் தாளும் வரவில்லை. அப்படியானால் ஆறு வாரமாக அவர் எங்கே சர்க்கரை வாங்குகிறார்?

ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியின் கூர்மை சட்டென்று புரியும். போலீஸ் வேலையில் இல்லாத ஒரு சாதாரணப் பெண், போர்க்கால லண்டனில் துப்பறியும் கதையை முதன்முறையாக எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக ஒன்றுதான். போரைக் கதைக்குப் பின்னால் தொங்கும் திரையாக வைக்காதீர்கள். கொலையை மறைப்பதும் போராக இருக்கட்டும், அதைக் காட்டிக்கொடுப்பதும் போராக இருக்கட்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: ஆறு வாரத்தைப் பிடியுங்கள்

“இரண்டாம் உலகப் போர்க் காலம்” என்று எழுதத் தொடங்கினால் சிக்கிக்கொள்வீர்கள். அந்த ஆறு ஆண்டுகளில் லண்டன்வாசியின் அன்றாட வாழ்க்கை மாதத்துக்கு மாதம் மாறியது. உப்பிட்ட பன்றி இறைச்சி (பேக்கன்), வெண்ணெய், சர்க்கரை மூன்றும் 1940 ஜனவரியில் ரேஷனுக்குள் வந்தன. தேயிலை 1940 ஜூலையில் வந்தது, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். துணிக்குக் கூப்பன் 1941 ஜூனில்தான். சோப்பு 1942 பிப்ரவரியில். ரொட்டிக்குப் போர் முடியும்வரை ரேஷனே கிடையாது, அது வந்தது 1946-இல். ஆகவே 1940-இல் உங்கள் நாயகி துணிக் கூப்பனை எண்ணிக்கொண்டிருந்தால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

புதிதாக எழுதுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1940 செப்டம்பர் 7 முதல் 1941 மே 11 வரையிலான காலம். லண்டன்மீது ஜெர்மன் விமானங்கள் இடைவிடாமல் குண்டு வீசிய காலம் அது. தொடக்கத்தில் 57 இரவுகள் தொடர்ந்து குண்டுகள் விழுந்தன. இந்த எட்டு மாதத்துக்கும் எக்கச்சக்கமான ஆவணங்கள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் கதைக்கு ஆறு வாரம் போதும். ஒரு நாட்காட்டியை வரைந்து தொடக்க நாளையும் முடிவு நாளையும் வட்டமிடுங்கள். பிறகு எந்தெந்த இரவில் பெரிய தாக்குதல் நடந்தது, எந்தக் கட்டடம் விழுந்தது, என்ன சட்டம் வந்தது என்று நிரப்புங்கள். கதைக்காக இந்தத் தேதிகளை நகர்த்த வேண்டாம். கதையை அவற்றுக்கு ஏற்ப நகர்த்துங்கள்.

என் முதல் பிரதியில் 1941 ஈஸ்டர் காலையில் தேவாலய மணி ஒலித்தது. அழகான பத்தி என்று நினைத்திருந்தேன். உண்மையில் 1940 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் தேவாலய மணிகளுக்குத் தடை. எதிரி தரையிறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று உத்தரவு. என் கதாபாத்திரங்கள் அந்த மணியைக் கேட்டிருந்தால் துப்பாக்கி தேடி ஓடியிருப்பார்கள்.

இரண்டாம் படி: நாயகிக்கு ஒரு வேலை கொடுங்கள்

பெயர், தலைமுடி, காதல் தோல்வி எல்லாம் அப்புறம். முதலில் அவள் காலையில் எங்கே போகிறாள் என்று முடிவு செய்யுங்கள். எந்தக் கதவு அவளுக்குத் திறக்கும், எந்தத் தாள் அவள் கைக்கு வரும், இரவு எத்தனை மணிக்குத் தெருவில் நடக்கலாம், எல்லாமே வேலையைப் பொறுத்ததுதான். திருமணமாகாத இளம்பெண்களைக் கட்டாயச் சேவைக்கு அழைக்கும் சட்டம் 1941 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பே ஏராளமான பெண்கள் தாமாக முன்வந்து வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். தொலைபேசி இணைப்பகம், ஆம்புலன்ஸ், தபால் தணிக்கை அலுவலகம், 1938-இல் தொடங்கிய பெண்கள் தன்னார்வச் சேவை என்று எங்கு பார்த்தாலும் பெண்கள்.

எனக்குப் பிடித்தது ஏ.ஆர்.பி. வார்டன் வேலை, அதாவது விமானத் தாக்குதலின்போது தெருவைக் கவனித்துக்கொள்ளும் காவலர் வேலை. வார்டன்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் பெண். ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் எந்த அறையில் தூங்குகிறார்கள், யார் பதுங்குகுழிக்குப் போவார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது வார்டனின் கடமை. வீடு இடிந்தால் மீட்புப் படைக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்ல வேண்டுமே! ஆக, தெருவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று சட்டபூர்வமாகவே அவளுக்குத் தெரியும். ஒரு துப்பறிவாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்திய முகம் ஒன்று கதைக்குள் வர வேண்டும் என்று விரும்பினால் வலிந்து நுழைக்கத் தேவையில்லை. பின்னாளில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரான வி.கே.கிருஷ்ண மேனன் அப்போது லண்டன் செயின்ட் பேன்க்ரஸ் பகுதியில் கவுன்சிலர். வார்டன் வேலையும் பார்த்தவர்.

உண்மை வாழ்க்கையிலும் ஒருவர் இருந்தார். மோலி லெஃபெபூர் என்ற இளம் பத்திரிகையாளர், போர்க்காலத்தில் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சனின் செயலாளராகச் சேர்ந்தார். தட்டச்சு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பிணவறை பிணவறையாகச் சென்று, மருத்துவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தார். பின்னாளில் அந்த அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். போலீஸ் அதிகாரமோ மருத்துவப் பட்டமோ இல்லாமல், வேலையின் பெயரால் மட்டுமே கொலை நடந்த இடத்தில் நிற்க முடிந்த பெண். உங்கள் நாயகிக்கு அவர் நல்ல முன்மாதிரி.

அதிகாரம் இல்லாததால் அவளுக்கு ஒரு காதாவது வேண்டும், அவள் சொல்வதைக் கேட்கும் ஒரே ஒரு அதிகாரி. போலீஸ் ஏன் தானாகவே விசாரிக்கவில்லை என்பதற்கும் காரணம் வேண்டும். போலீஸ்காரர்களை முட்டாள்களாக்கிவிடாதீர்கள், அது சோம்பேறித்தனமான வழி. இளம் போலீஸ்காரர்கள் பலர் படைக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான குற்றங்கள் 1939-இல் சுமார் 3.04 லட்சமாக இருந்து 1945-இல் சுமார் 4.78 லட்சமாக ஏறின. ஆள் குறைவு, வேலை அதிகம். அந்த நெருக்கடியைக் காட்டினாலே போதும்.

மூன்றாம் படி: பிணத்தை எங்கே ஒளிப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாவலின் முதுகெலும்பு இதுதான்.

1942 ஜூலை 17. வாக்ஸ்ஹாலில் குண்டால் சிதைந்த ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தை இடித்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்த தொழிலாளர்கள், நிலவறையில் ஒரு கல் பலகையைத் தூக்கினார்கள். அடியில் எலும்புகள். குண்டில் செத்த இன்னொருவர் என்று நினைப்பதுதான் இயல்பு, அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கீத் சிம்ப்சன் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது. தலையும் கைகால்களும் வெட்டித் துண்டிக்கப்பட்டிருந்தன. உடல்மேல் சுண்ணாம்பு தூவப்பட்டிருந்தது. குண்டு கல் பலகைக்கு அடியில் ஆளைப் புதைத்துவிட்டுச் சுண்ணாம்பு தூவுமா?

கொலை செய்தவன் ஹாரி டாப்கின், இறந்தவர் பிரிந்து வாழ்ந்த அவன் மனைவி. 1941 ஏப்ரலில் அவர் காணாமல் போனார். டாப்கின் அப்போது அந்தத் தேவாலயத்தை ஒட்டிய கட்டடத்தில் தீக்காவலன், அதாவது தீக்குண்டு விழுகிறதா என்று இரவில் காவல் இருப்பவன். அந்த வேலை எப்படி உண்டானது என்று பாருங்கள். 1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை மாலை. வார இறுதிக்குப் பூட்டிக் கிடந்த நகர அலுவலகங்கள்மீது தீக்குண்டுகள் மழையாக விழுந்தன. அணைக்க உள்ளே ஆள் இல்லை, தேம்ஸ் நதியிலும் நீர் மிகவும் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பெருந்தீக்குப் பிறகுதான் கட்டடங்களுக்கு இரவில் தீக்காவல் கட்டாயமானது. நகரைக் காப்பாற்ற வந்த விதி, ஒரு கொலைகாரனுக்கு ஆளில்லாத கட்டடத்தையும் நீண்ட இரவையும் கொடுத்துவிட்டது.

சுண்ணாம்பு உடலை அழித்துவிடும் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு பூச்சிகளை அண்டவிடாமல் குரல்வளைத் திசுவைப் பாதுகாத்து வைத்திருந்தது. கழுத்தை நெரித்த அடையாளம் அதில் தெரிந்தது. மேல்தாடைப் பல் அடைப்புகள் பல் மருத்துவரின் பழைய அட்டையோடு பொருந்தின. இறந்தவரின் புகைப்படத்தை மண்டையோட்டுப் படத்தின்மேல் பொருத்திப் பார்த்தார்கள். 1943 ஜனவரியில் டாப்கின் தூக்கிலிடப்பட்டான்.

இதில் நான் மறக்காமல் வைத்திருப்பது ஒரு பெண்ணை. இறந்தவரின் உடன்பிறந்த சகோதரி. கூடப்பிறந்தவள் வீடு திரும்பவில்லை என்று உடனே போலீசுக்குப் போனவர் அவர்தான். ஒப்பிட்டுப் பார்க்க உதவிய புகைப்படமும் அவர் கொடுத்தது. குண்டு விழும் ஊரில் ஒருவர் காணாமல் போனால் எல்லாரும் “போயிருப்பார்” என்று சொல்லும்போது, இல்லை என்று சொல்ல ஒருவராவது வேண்டியிருக்கிறது. உங்கள் நாயகி அந்த ஒருவர்தான். அவள் ஏன் விடாமல் துரத்துகிறாள் என்ற கேள்விக்கு வெறும் ஆர்வம் என்று பதில் சொல்லாதீர்கள், காணாமல் போனவர் அவளுக்கு யாரோ ஒருவராக இருக்க வேண்டும்.

இந்த வழக்கை அப்படியே எடுத்து எழுத வேண்டாம். குடும்பத்தாரின் துயரம் நமக்குக் கதைப்பொருள் அல்ல. வழக்கின் தர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: போர் கொடுத்த எந்த வசதியைக் கொலையாளி பயன்படுத்தினான்? அதே போர் வைத்த எந்தப் பதிவில் மாட்டிக்கொண்டான்? 1942 பிப்ரவரியில் இருட்டடிப்பு இரவுகளில் ஆறு நாளுக்குள் நான்கு பெண்களைக் கொன்ற விமானப்படை வீரன் கோர்டன் கமின்ஸும் இப்படித்தான் பிடிபட்டான். இன்னொரு பெண்ணைத் தாக்கியபோது ஆள் வரவே, ஓடினான். விழுந்து கிடந்த அவனுடைய விஷவாயு முகமூடியில் படைவீரர் எண் இருந்தது. உங்கள் கதையிலும் இந்த இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிய பிறகுதான் அடுத்த படிக்குப் போங்கள்.

நான்காம் படி: வெளிச்சக் கணக்கு

இருட்டடிப்பு என்ற சொல்லைச் செய்தியை மறைப்பதற்கு இன்று பயன்படுத்துகிறோம். லண்டனில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. 1939 செப்டம்பர் 1 முதல் தெருவிளக்கு எரியவில்லை, ஜன்னலில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் அபராதம். டார்ச்சின் கண்ணாடிமேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, தரையை நோக்கிப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் தெரிவது என்ன? வெள்ளையடித்த நடைபாதை விளிம்பு, எதிரே வருபவரின் காலணி, கோட்டின் கீழ்நுனி. முகம் தெரியாது. ஆகவே உங்கள் சாட்சிகள் முகத்தைச் சொல்லக் கூடாது. காலடிச் சத்தம், இருமல், புகையிலை வாசனை, ஒரு பக்கம் தேய்ந்த குதிகால், இவற்றைச் சொல்லட்டும்.

கடிகாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1940 இலையுதிர் காலத்தில் வழக்கம்போலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளவில்லை. 1941 மே மாதத் தொடக்கத்தில் மேலும் ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்தார்கள். விளைவு, அந்த டிசம்பரில் காலை 9 மணிக்குத்தான் பொழுது விடிந்தது, 1941 ஜூனில் இரவு 10 மணி தாண்டியும் வெளிச்சம் இருந்தது. அந்தக் கோடையில் “இரவு ஒன்பது மணி, கும்மிருட்டு” என்று எழுதினால் சாட்சியம் மொத்தமும் சரிந்துவிடும். நிலாவையும் பாருங்கள். 1941 மே 10 இரவுத் தாக்குதல் முழுநிலவில் நடந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் தேதி, சூரியன் மறையும் நேரம், நிலவின் அளவு மூன்றையும் பென்சிலால் குறித்து வையுங்கள். செய்தித்தாளில் வானிலை முன்னறிவிப்பு வராது. எதிரிக்கு உதவும் என்று நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாம் படி: தடயத்தைக் குடும்பக் கவலைக்குள் புதையுங்கள்

முடிவை ஒரு பக்கத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்: யார், ஏன், எப்படி, எந்த நாள். பிறகு பின்னோக்கி நடந்து தடயங்களை வையுங்கள். முக்கியத் தடயம் குறைந்தது இரண்டு முறை வாசகர் கண்ணில் பட வேண்டும், படும்போது அது வேறு ஏதோ ஒன்றாகத் தெரிய வேண்டும். ரேஷன் இதற்கு அருமையான இடம். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட கடையில் பதிய வேண்டும், பதிந்தவர் எண்ணிக்கைக்குத்தான் கடைக்குச் சரக்கு வரும். மளிகைக்காரர் “எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், என் ஒதுக்கீடு குறைகிறது” என்று புலம்பும்போது, போனவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லட்டும். காணாமல் போன பெண்ணின் பெயர் அதில் இருக்காது. வாசகர் புலம்பலைக் கேட்டுக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்.

ஆறாம் படி: இவர்கள் தமிழில் எப்படிப் பேசுவார்கள்?

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத சிக்கல்கள் நமக்கு இருக்கின்றன. அவற்றைச் சரியாகக் கையாண்டால் அவர்களுக்குக் கிடைக்காத வசதிகளும் கிடைக்கும்.

முதலாவது அவன், அவர் விவகாரம். சந்தேகத்துக்குரிய ஐந்து ஆண்களில் நால்வரை “அவர்” என்றும் ஒருவனை மட்டும் “அவன்” என்றும் எழுதினால், மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலையாளி யார் என்று வாசகர் சொல்லிவிடுவார். வயது, அந்தஸ்து வித்தியாசம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை வைத்துவிடுங்கள். முகம் தெரியாத கொலையாளியை எழுதும்போதோ நம் மொழி கைகொடுக்கிறது. “அவர்” ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். “கதவைத் திறந்தவர் சற்று நேரம் நின்றார்” என்று எழுதிவிட்டு, அது பெண் என்பதை இருநூறு பக்கம் நேர்மையாகவே மறைக்கலாம்.

இரண்டாவது உறவுமுறை. தங்கையா அக்காவா, சித்தப்பாவா மாமாவா என்று நாம் முடிவு செய்துதான் ஆக வேண்டும். எழுதத் தொடங்கும் முன் எல்லாக் குடும்பத்துக்கும் வயதோடு வம்ச மரம் போடுங்கள். சொத்துதான் கொலைக்குக் காரணம் என்றால் அந்த மரமே உங்களுக்குக் கதை சொல்லும்.

மூன்றாவது நீயும் நீங்களும். நாயகியும் இன்ஸ்பெக்டரும் கடைசிவரை “நீங்கள்” என்றே பேசட்டும். இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு இடத்தில் “மிஸ்” என்பதை விட்டுவிட்டு அவள் முதற்பெயரைச் சொல்லட்டும். அது பெரிய சம்பவமாக இருக்கும். வீட்டுக்காரம்மா மட்டும் “நீ” என்றும் “அம்மாடி” என்றும் பேசலாம். கிழக்கு லண்டன் கொச்சையைச் சென்னைத் தமிழாக மாற்றும் ஆசை வரும். வேண்டாம். துறைமுகத் தொழிலாளி வாயைத் திறந்ததும் வாசகர் வடசென்னைக்கு வந்துவிடுவார். வாக்கியத்தைச் சுருக்கி, சுற்றிவளைக்காமல் பேச வைத்தாலே வித்தியாசம் தெரியும். பெயர்களை அந்தத் தலைமுறைக்கு ஏற்ப வையுங்கள்: டோரிஸ், எடித், கிளாடிஸ், வேரா. பணமும் அந்தக் காலத்துக் கணக்கில் இருக்கட்டும், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

ஏழாம் படி: தேடுவதற்கு

லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. பாம்ப் சைட் என்ற இணைய வரைபடத்தில் 1940 அக்டோபர் முதல் 1941 ஜூன் வரை எந்தத் தெருவில் குண்டு விழுந்தது என்று பார்க்கலாம். இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படங்களும் குரல் பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. பிபிசி திரட்டிய ‘மக்களின் போர்’ நினைவுக் குறிப்புகளை நிதானமாகப் படியுங்கள். 1937-இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் அமைப்புக்குச் சாதாரண மக்கள் எழுதி அனுப்பிய நாட்குறிப்புகளும் அப்படியே. காலுறை கிழிந்த கவலையும் எதிர்வீடு தரைமட்டமான செய்தியும் ஒரே பத்தியில் வரும். உங்கள் நாயகியின் குரல் அங்கேதான் கிடைக்கும். ஆனால் ஒரு மாதத்துக்குமேல் தேடாதீர்கள். தேடல் சுகமானது, எழுத்தைத் தள்ளிப்போட நல்ல சாக்கு.

எட்டாம் படி: முதல் அத்தியாயம்

பிணம் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை வேலையை எழுதுங்கள். குளிர்ந்த அறை, ஜன்னலில் குறுக்காக ஒட்டிய காகிதப் பட்டை, பழுப்பு நிற ரேஷன் புத்தகங்களின் அடுக்கு, நீண்ட வரிசை. இடம் மாறியவர் பட்டியலைச் சரிபார்க்கும்போது ஒரு பெயர் இல்லை. யாராவது மறந்திருப்பார்கள் என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் சைரன் ஊதட்டும். பொதுப் பதுங்குகுழியின் நெரிசலில் அவளுக்கு இடம் கிடைப்பது அந்தக் கணவனுக்குப் பக்கத்தில். அவன் பிளாஸ்கைத் திறந்து, குளிருக்கு இதமாக இருக்கும் என்று அவளுக்கும் ஒரு மூடி தேநீர் ஊற்றிக் கொடுக்கட்டும். வாரத்துக்கு ஆளுக்கு 8 அவுன்ஸ் சர்க்கரைதான் கிடைக்கும் நாட்கள் அவை. அந்தத் தேநீரில் இனிப்பு தாராளமாகவே இருக்கட்டும்.